வலங்கைமானில் எழுந்து நிற்பேன்

ஜன்னல் பக்கம் நீங்க உட்காருங்க. இல்லை இல்லை, உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எனக்கு இந்த ஓரம்தான் வேண்டும். நடுவில் நடுவில் நான் எழுந்து நிற்பேன். அதற்காக உங்கள் காலை மிதித்துக்கொண்டு வரக்கூடாது இல்லையா. வலங்கைமானில் ஒரு தடவை, ஆலங்குடியில் ஒரு தடவை, நீடாமங்கலத்தில் ஒரு தடவை. இறங்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதீங்க. மன்னார்குடிக்குத்தான் டிக்கெட். சும்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கண்டக்டர் ஏதாவது சொல்வார். சொல்லட்டும்.

முதுகுதான். விழுந்தீங்களா என்று கேட்கப் போகிறீங்க. எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். விழவில்லை. பாரம் எதையும் தூக்கவுமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன், கும்பகோணத்தில். ஒரு நாள் காலையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தூக்கிய கையை இறக்கும்போது இடுப்புக்குக் கீழே, வலது பக்கம், ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஏழு வருஷமாகிறது, இன்னும் எழுந்து போகவில்லை. சில நாள் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி இருக்கும். சத்தம் கேட்கும், பாட்டு இன்னதென்று புரியாது, நாம் நம் வேலையைப் பார்க்கலாம். சில நாள் அந்த ரேடியோவைக் கொண்டுவந்து நம் காதிலேயே வைத்துவிடுவார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான், ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு "ஒண்ணுமில்லையாம், ஒண்ணுமில்லையாம்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார் பாவம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஒன்றுமில்லாதவள் ஏன் படுத்திருக்கிறாள்? என் நாத்தனார் வந்தாள். "எல்லாம் மனசுலதான் அண்ணி இருக்கு. வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி நேர்ந்துக்குங்க" என்றாள். நீங்க பார்த்திருக்கீங்களா? சாகக் கிடந்து பிழைத்தவர்களைப் பாடையில் படுக்கவைத்து, கோயிலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். "ஏற்கெனவே படுத்துத்தானே கிடக்கேன், எதுக்கு இன்னொரு படுக்கை" என்றேன். அதற்கு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் முதுகு என்று சொல்ல வேண்டும். ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள் என்பார்கள். அதற்கு வேலையை விட்டுவிடலாம் என்று விட்டுவிட்டேன். நாற்காலி கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அதெல்லாம் பழைய கதை. இப்போது எங்கே போகிறேன் என்றால், என் மகளை அழைத்துக்கொண்டு வரப் போகிறேன். ஒரே மகள். அல்லி. மன்னார்குடியில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, நான் சொல்லியா தெரிய வேண்டும். ஆனால் அனுப்ப மாட்டேன் என்கிறாள் என் சம்பந்தி. இன்றைக்கு விட்டால் இல்லை. இந்த வாரத்தோடு எட்டு மாதம் முடிகிறது, அதற்குமேல் பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இன்றைக்குச் சாயங்காலம் என் பெண் என்னோடு வருவாள், இல்லாவிட்டால் வரவே மாட்டாள். தன் பெண்ணின் பேறுகாலத்தைப் பார்க்க முடியாதவள் என்று என்னை எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வலங்கைமான் வந்துவிட்டதா? ஆமாம். என்ன கூட்டம் பாருங்க. இன்றைக்கு வியாழக்கிழமை, மறந்தே போனேன். ஆலங்குடி குருவைப் பார்க்கப் போகிற கூட்டம். நான் இப்போது எழுந்தால் அந்த மஞ்சள் புடவை அம்மாள் அடுத்த நிமிஷம் இங்கே உட்கார்ந்திருப்பார். கண்ணைப் பாருங்க, சீட்டின் மேலேயே இருக்கிறது. பரவாயில்லை, ஆலங்குடியில் நின்றுகொள்கிறேன்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பந்தி. கமலவேணி என்று பெயர். 'அவள்' 'இவள்' என்று பேசுகிறேனே, படித்தவள் பேசுகிற பேச்சா என்று நினைக்காதீங்க. அவ்வளவு மனசு எரிகிறது.

அல்லிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது நான்கு நாள் எங்களோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்திருந்தேன். ஒரு நாள் முன்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள் இந்த அம்மாள், கையில் பழக்கூடையோடு. நான் அப்போது கூடத்தில் தரையில் படுத்திருக்கிறேன், முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு. முடியாமல் படுக்கவில்லை. நன்றாகக் கேளுங்க, அன்றைக்கு எனக்கு வலியே இல்லை. அது என் ஓய்வு நேரம். வலி வருவதற்கு முன்னால் எடுக்கிற ஓய்வு.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ரெஜினா. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே பிசியோதெரபி பார்க்கிற பெண். என் மகள் வயதுதான் இருக்கும். போன முதல் நாளே சொல்லிவிட்டாள். "இந்த வலி போகும்னு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்மா. இது இருக்கட்டும், நாம வேற மாதிரி இருப்போம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லாமல் 'இருக்கு' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

வாராவாரம் ஏழெட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வாள். ஜமால் என்று ஒரு டீ மாஸ்டர் வருவார், ஆற்றி ஆற்றித் தோள்பட்டை போனவர். "எங்க வீட்ல இதுக்கு என்ன பேரு தெரியுமா டீச்சர்? என்னோட சின்ன வீடாம். எந்நேரமும் அது நினைப்பாவே இருக்கேனாம், அவ சொல்றது காதுல விழறதில்லையாம்" என்பார். சிரிப்போம். ரெஜினாவும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சொல்வாள், "வலிச்சதும் நிறுத்தறது எல்லாரும் செய்யறதுதான். வலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும். நல்ல நாள்ல நிறைய செஞ்சுடாதீங்க, கெட்ட நாள்ல சும்மா கிடக்காதீங்க." கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்து பாருங்க. நன்றாக இருக்கும்போது பாதி வேலையில் கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுப்பதற்கு ஒரு வெட்கமில்லாத மனசு வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது வரும். ஆள் வந்தால் போய்விடும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. கமலவேணியின் குரல் கேட்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். தலையணையைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். "என்ன சம்பந்தியம்மா, உடம்பு சரியில்லையா" என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கண்ணசந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் காபி போட்டு, பலகாரம் எடுத்து, அவள் பார்க்கவே முழு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தேன். அந்த வாளிக்கு அங்கே வேலையே இல்லை. பார்க்கட்டும் என்றுதான் தூக்கினேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? உட்காரவே இல்லை. பாய் விரித்தேன், வேண்டாம் என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், "இருக்கட்டும், பஸ்ல உட்கார்ந்துதானே வந்தேன்" என்றாள். காபியை நின்றபடியே குடித்தாள். அதுவும் எங்கே நின்று? நிலைப்படியில். எங்கள் வீட்டு நிலைப்படி கொஞ்சம் உயரம். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் படி மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலை இறக்கிவிட்டு மற்றக் காலைத் தூக்கி வைக்கிறாள். நிலைப்படியை மிதித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று பேச ஆரம்பிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு. இவளுக்குத் தெரியாதா? தெரியும். உன் வீடு எனக்கு இவ்வளவுதான் என்று காட்டுகிறாள். எவ்வளவு கர்வம் பாருங்க. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மாப்பிள்ளையிடமிருந்து போன். நல்ல பிள்ளை, சுதாகர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னார். "அத்தை, அம்மா என்ன சொல்றாங்கன்னா… பிரசவத்துக்கு அல்லி இங்கேயே இருக்கட்டுமேன்னு… உங்களுக்கே சிரமம்…" எனக்குப் புரிந்துவிட்டது. படுத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். இவள் படுக்கையில் கிடக்கிறவள், இவளிடம் என் வீட்டு வாரிசை நம்பி விடுவதா என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்றைக்கு நான் தீர்மானம் செய்தேன். வளைகாப்புக்கு எங்கள் பக்கம்தானே சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும்? ஏழு வகைச் சோறு. அதை ஆள் வைத்துச் செய்யப் போவதில்லை. நானே செய்து, நானே எடுத்துக்கொண்டு போய், அவள் வீட்டுக் கூடத்தில், அவள் கண் எதிரில், என் கையால் பந்தி பரிமாறுவேன். பார்க்கட்டும்.

ரெஜினாவிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை, சமைக்கப் போகிறேன் என்று மட்டும். "செய்ங்க. ஆனா பிரிச்சுப் பிரிச்சுச் செய்ங்க. உட்கார்ந்து நறுக்குங்க. அடுப்புகிட்ட நிக்கறப்ப செங்கல் மறக்காதீங்க" என்றாள். செங்கல் என்றால் வேறொன்றுமில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு செங்கல் போட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தால் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். யாரோ இடுப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். எனக்கு அது ஒரு வரம். ஆனால் ஒத்தாசைக்கு வந்த எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்து, "இது என்னக்கா காலடியில செங்கல்" என்றாள். எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். ரெஜினாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள். இந்த இரண்டு நாள் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆலங்குடியா? அதோ, மொத்தக் கூட்டமும் இறங்குகிறது. அப்பாடா. எழுந்து நிற்கலாம்தான். இருங்க, இந்த இடத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நடுவில் விட்டால் கோவையாக வராது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அல்லி மணையில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னால் மறைக்க முடியாது. "உனக்கு வலி ஏறினா பேச்சு ஏறும்மா" என்பாள். "நீ சும்மா இருந்தா பயமில்ல, நீ கதை சொல்ல ஆரம்பிச்சாத்தான் எனக்கு பயம்." அன்றைக்கு நான் எல்லாரோடும் பேசினேன். வளையல்காரரோடுகூடப் பேசினேன்.

பந்தி போட்டார்கள். தரையில் இலை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டேன். ஒரு இலைக்குக் குனிவது, நிமிர்வது, அடுத்த இலைக்குக் குனிவது. முதல் பந்தி முடிந்தது. கமலவேணி தூணோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கும் அவள் உட்காரவில்லை, மணையிலிருந்த மருமகளுக்கு நலுங்கு வைக்கக்கூட அரைக் குனிவுதான் குனிந்தாள். எல்லாரும் வணங்கிப் போகட்டும் என்று நிற்கிற நிலை. "சம்பந்தியம்மா, வாளியை வச்சிட்டு வாங்க, பொண்ணுங்க பரிமாறட்டும்" என்று கூப்பிட்டாள். வருவேனா? "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் பந்திக்குப் போனேன்.

புளிச்சோறு. கடைசி வரிசை. ஒரு கிழவர் "போதும்மா" என்று இலைக்குமேல் கையைக் குறுக்கே நீட்டினார். நிமிரப் போனேன். நிமிர முடியவில்லை.

எப்படிச் சொல்வது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டேன். கையில் வாளி. கண்ணுக்கு எதிரே கிழவருடைய இலை, அதில் வைத்த சோறு, ஒரு வேர்க்கடலை. அந்த வேர்க்கடலையை இன்றைக்கும் என்னால் எழுதிக்காட்ட முடியும். கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அப்புறம் எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். "மயக்கமா?" "சோடா வாங்கு." "தோளைப் பிடிச்சுத் தூக்குங்க." யாரோ தூக்கவும் வந்தார்கள். தோளைத் தொட்டதும் நான் கத்தினேன் என்று அல்லி பின்னால் சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அப்போது கமலவேணி வந்தாள். "யாரும் தொடாதீங்க. விலகுங்க" என்றாள். வாளியை என் கையிலிருந்து மெதுவாகப் பிரித்து வாங்கினாள். என் இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள், சரியாக அந்த இடத்தில். "நிமிர வேணாம். நிமிரணும்னு நினைக்காதீங்க. முட்டியை மடக்குங்க. மூச்சை வெளிய விடுங்க, இன்னும், இன்னும்" என்றாள். அப்படியே தரைக்கு இறக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகினாள். அத்தனை பேர் பார்க்க. எச்சில் இலைகளுக்குப் பக்கத்தில். என் பெண்ணின் வளைகாப்பில், ஏழு சோறும் சமைத்துக்கொண்டு போனவள், தலையணை வைத்துப் படுத்திருந்தேன்.

அவமானம் என்றால் அதுதான். நோயாளி என்று ஊரைக் கூட்டிக் காட்டிவிட்டாள். தலையணை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது முதற்கொண்டு தெரிந்து வைத்திருக்கிறாள். அல்லி சொல்லிக்கொடுத்திருப்பாள். அவளும் இப்போது அந்த வீட்டுப் பிள்ளைதானே.

"இன்னிக்கு அல்லி வர வேணாம். நீங்களும் நாலு நாள் இங்க படுத்திருந்துட்டுப் போங்க" என்றாள். நான் இருப்பேனா? சோற்றுப் பாத்திரங்கள் வந்த வேனிலேயே, காலிப் பாத்திரங்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை விடுங்க. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கட்டிலில் இருந்து கதவு வரைக்கும் நடை. அப்புறம் வாசல் கேட் வரைக்கும். ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "யாருக்குக் காட்டறதுக்கு இவ்ளோவும் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நீடாமங்கலம். கேட் மூடியிருக்கிறதா? வண்டி வரிசையைப் பாருங்க, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். இந்த கேட் மூடினால் மூடினதுதான். மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சினை இந்தப் பக்கம் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுகிறார்கள் என்பார்கள். எல்லாரும் இறங்கிப் போய் வேர்க்கடலை வாங்குகிறார்கள். நீங்களும் போய்க் காலாற நடந்துவிட்டு வாங்களேன்.

நானா? வேண்டாம்.

ஆமாம், எழுந்திருக்கிறேன் என்று சொன்னேன்தான். கணக்காக நினைவு வைத்திருக்கீங்களே. சரி, உங்களிடம் என்ன மறைப்பது, மன்னார்குடியில் இறங்கினால் நீங்க யாரோ நான் யாரோ. வேண்டுமென்றேதான் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய், அவள் எதிரில் உட்கார்ந்து, பேசி முடிகிற வரைக்கும் அசையாமல் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் முன்னால் நடு நடுவே எழுந்து நின்றேன் என்றால் போச்சு. அதற்குத்தான் இந்த ஒத்திகை. இவர் கார் வைக்கிறேன், பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வா என்றார். நானும் வருகிறேன் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பஸ்ஸில், தனியாக, உட்கார்ந்தே வந்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பையில் ஒரு துண்டு இருக்கிறது, சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள. அதைக்கூட எடுக்கவில்லை பாருங்க.

வேர்க்கிறதா? ஆமாம், வெயில்.

போன் அடிக்கிறது. அல்லிதான். ஒரு நிமிஷம்.

ஆமாண்டி, கேட்ல நிக்குது… நல்லாத்தான் இருக்கேன்… பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க, பேசிக்கிட்டு வர்றோம்… நிறையவெல்லாம் பேசல… என்னது? யார் கேக்கறாங்க?… எழுந்து நின்னேனான்னா? உங்க அத்தைக்கு அது எதுக்கு?… சரி. சரி. வை.

கேட்டீங்களா இந்தக் கூத்தை. என் சம்பந்தி பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கச் சொல்கிறாளாம். நடுவில் எழுந்து நின்றாயா, துண்டைச் சுருட்டி இடுப்புக்கு வைத்தாயா என்று. எனக்கே பாடம் நடத்துகிறாள். துண்டு சமாசாரம் அவளுக்கு எப்படித் தெரியும்? அதை நான் அல்லியிடம்கூடச் சொன்னதில்லை. அது போன வாரம்தான் ரெஜினா சொன்னது.

என்ன சொன்னீங்க?

அவளுக்கும் இருக்குமோ என்றா? கமலவேணிக்கா? நல்ல வேடிக்கை. நீங்க அவளைப் பார்த்ததில்லை. தூண் மாதிரி நிற்பாள். ஏழு வருஷமாக இதோடு குடித்தனம் செய்கிறவள் நான். வலி இருக்கிறவளைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? நடையிலேயே தெரியும். முகத்திலேயே தெரியும். அதுவும் சொல்லாமல் இருப்பாளா? வலிக்கிறவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? எதற்கு மறைக்க வேண்டும்?

…

இல்லை, ஒன்றுமில்லை. சொல்லுங்க. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுபடி அல்லி. வண்டி எல்லாம் கிளப்புகிறார்கள், கேட் திறந்துவிட்டது போலிருக்கிறது. ஹலோ. சொல்லு… இப்பத்தான் கிளம்புது… என்ன சொன்னாங்க?… மெதுவா சொல்லுடி, சத்தமா இருக்கு… அப்படியா சொன்னாங்க?… ம்… ம்… சரி.

இருங்க. இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். என் பெண் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அம்மா, அத்தை காலையிலேயே என் துணியெல்லாம் பையில எடுத்து வச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றாங்க. உங்க அம்மா நடுவுல எழுந்து நின்னு, சிரமத்தைச் சொல்லிக்கிட்டு வந்தா உன்னை இன்னிக்கே அனுப்பறேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு வந்து நின்னா அனுப்ப மாட்டேன். படுக்க வேண்டிய நேரத்துல படுக்கறவங்ககிட்ட பச்சைக் குழந்தையை நம்பிக் குடுக்கலாம். மறைச்சுக்கிட்டு வாளி தூக்கறவங்ககிட்ட எப்படிக் குடுக்கறது. அன்னிக்கு உங்க வீட்டுல அந்தத் தலையணையைக் கட்டிலுக்கு அடியில தள்ளினாங்களே, அதைப் பார்த்துதான் எனக்கு பயமே வந்துச்சுங்கறாங்க."

தலையணையைப் பார்த்திருக்கிறாள். வாளியையும் பார்த்திருக்கிறாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியும். கும்பகோணத்திலிருந்து நீங்கதானே பக்கத்தில் இருக்கீங்க. நான் ஒரு தடவையாவது எழுந்தேனா? வலங்கைமானில் சீட்டு போய்விடும் என்றேன். ஆலங்குடியில் கதை அறுந்துவிடும் என்றேன். கேட்டில் பஸ்ஸே காலியாகக் கிடந்தது.

கொஞ்சம் கையைக் கொடுங்க. இல்லை, இழுக்காதீங்க, சும்மா நீட்டிக்கொண்டிருங்க, நான் பிடித்துக்கொள்கிறேன். அப்படித்தான். அம்மா… இருங்க. வலது கால் மரத்துப் போயிருக்கிறது. கண்டக்டர், ஸ்டாப்பெல்லாம் வேண்டாம், நான் இறங்கவில்லை. சும்மாதான் நிற்கிறேன். முதுகு வலி. ரொம்ப நேரம் உட்கார முடியாது. ஆமாம், முதுகு வலி என்றுதான் சொன்னேன். நீங்க உங்கள் வேலையைப் பாருங்க.

சொல்லிவிட்டேன் பாருங்க. பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்தப் பையில் மேலாக ஒரு துண்டு இருக்கும், பச்சைக் கரை போட்டது. எடுத்துச் சுருட்டி சீட்டில் வையுங்க. இன்னும் கொஞ்சம் இறுக்கமாக. போதும். நான் நின்றுகொண்டே வருகிறேன், வயல் நன்றாக இருக்கிறது பார்க்க. உட்கார்ந்திருந்தபோது ஒன்றும் கண்ணில் படவில்லை.

பாமணி பாலம் தாண்டிவிட்டோமா? அதோ பஸ் ஸ்டாண்ட். நீங்க இறங்குங்க முதலில், நான் மெதுவாகத்தான் இறங்க முடியும்.

அதோ அந்தத் தகரக் கொட்டகை நிழலில், மாம்பழக் கலர் புடவை. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, வயிறும் பிள்ளையுமாக, அதுதான் என் அல்லி. நிற்கிறது என் சம்பந்தி. பெஞ்சில் அவ்வளவு இடம் இருக்கிறது, உட்காரவில்லை பாருங்க. ஒரு கை கம்பத்தைப் பிடித்திருக்கிறது. கால்… கால் தெரிகிறதா உங்களுக்கு? நடைமேடை ஓரத்துக் கல்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மாற்றுகிறாங்க. மறு காலை வைக்கிறாங்க.

வரும்போது ஒரு முழுப் பேச்சு தயார் செய்துகொண்டு வந்தேன். தலைப்பிரசவம், தாய் வீட்டு உரிமை, அப்படி இப்படி என்று. அதெல்லாம் கிடக்கட்டும். இந்த ஏழு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இறங்கினதும் முதலில் அதை அவங்களிடம் கேட்க வேண்டும்.

எந்தப் பக்கம் வலிக்குது உங்களுக்கு?